மான்ட்ரியலில் ஒரு 'வாங்க'

ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வருவதற்காக நானும் என் மனைவியும் கனடாவில் இருக்கும் மான்ட்ரியல் வரைக்கும் போய்வந்தோம். 'வாங்க' என்பதுதான் அந்த வார்த்தை. ஆறு வருடத்துக்கு முன்னால் விருத்தாசலத்தில் என் வீட்டு வாசலில் நின்றபடி நான் சொல்லியிருக்க வேண்டியது அது. அன்றைக்கு வாயைத் திறக்காத பாவத்துக்கு, ஜனவரி மாதத்தில், மைனஸ் பதினெட்டு டிகிரியில், உதடு வெடித்துப்போய் அதைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் செராமிக் பேட்டையில் எனக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. பியூஸ் போடுகிற வெள்ளைப் பீங்கான் கட்டை, கரண்ட் கம்பத்து இன்சுலேட்டர், கார்த்திகை வந்தால் அகல் விளக்கு. ஆறு வருடத்துக்கு முன் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தோம். என் மனைவி விஜயாவுக்கு ஒரே தம்பி, இளங்கோ. தாய்வீட்டுச் சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு சித்திரை வெயிலில் வாசலில் வந்து நின்றான். நான் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரிக்காரனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சமையலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இளங்கோவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு மறுபடியும் லாரிக்காரன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவ்வளவுதான். அவன் தட்டை நடுக்கூடத்தில் வைத்துவிட்டுக் கை நனைக்காமல் கிளம்பிப் போய்விட்டான். 'மாமா என்னிய வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலக்கா' என்று விஜயாவிடம் சொல்லியிருக்கிறான். என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். நான் பெண் பார்க்கப் போனபோது அவன் எட்டாம் வகுப்பு. எனக்குக் காராசேவுத் தட்டைக் கொண்டுவந்து வைத்ததே அவன்தான். வரும் வழியில் பாதியைத் தின்றிருந்தான். அவனைப் போய் வாங்க என்பதா? இந்த நியாயத்தை ஆறு வருடமாக வைத்துக் காப்பாற்றிவந்தேன். அவனும் அவனுடையதைக் கனடாவுக்கு எடுத்துப் போய்க் காப்பாற்றினான். அக்காவோடு வாரம் ஒருமுறை பேசுவான். நடுவில் என் இருமல் கேட்டால் போனை வைத்துவிடுவான்.

இப்போது எங்கள் மகள் யாழினிக்கு மாசியில் கல்யாணம். பெண்ணுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டியவன் தாய்மாமன். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு தாய்மாமன். பத்திரிகையை வாட்சப்பில் அனுப்பிவிட்டுப் பிறகு பேசலாமே என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"அனுப்புங்க. நானும் வாட்சப்புலயே கல்யாணத்துக்கு வந்துடறேன்" என்றாள் விஜயா.

அப்புறம் அவளே விதி போட்டாள். ரெண்டு பேரும் போகணும், தட்டோடு போகணும், முன்கூட்டிச் சொல்லாமல் போகணும். சொன்னால் வராதே என்பான். இந்த மூன்று விதியோடு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மான்ட்ரியலில் போய் இறங்கினோம்.

விமான நிலையத்துச் சுவர் பூராவும் பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் 'வாங்க வாங்க' என்று எழுதி வைத்திருந்தார்கள். விஜயா ஒவ்வொரு போர்டையும் நின்று படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டேன்.

கஸ்டம்ஸில் ஒரு அம்மா எங்கள் தாம்பாளத்து மூட்டையைப் பிரித்தார். இந்தச் சிவப்புப் பொடி என்ன? குங்குமம். இந்த மஞ்சள் பொடி? மஞ்சள். இந்த வெள்ளைக் கல்? கற்கண்டு. கேள்வி கேட்கக் கேட்க எனக்கே நாங்கள் ஏதோ செய்வினை வைக்கத்தான் வந்திருக்கிறோமோ என்று தோன்றிவிட்டது. யாருக்கு இதெல்லாம் என்றார். மச்சானுக்கு என்றேன். நீங்கள் வருவது அவருக்குத் தெரியுமா? தெரியாது. ஏன் சொல்லவில்லை?

"சொன்னா வூட்டப் பூட்டிக்கினு போயிடுவான்னு சொல்லுங்க" என்றாள் விஜயா.

மச்சானுக்கு ஆச்சரியம் தரப் போகிறோம் என்று இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டுப் பொடிகளை விட்டுவிட்டார். தேங்காயையும் வெற்றிலையையும் பிடித்துக்கொண்டார். வெற்றிலை இல்லாத தட்டு தட்டே இல்லை என்று விஜயா டாக்சியில் ஓட்டல் அறைவரைக்கும் புலம்பிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. அதுதான் எங்கள் முதல் நாள். விடியற்காலை நாலு மணிக்கு இரண்டு பேருக்கும் கண் பொட்டென்று திறந்துகொண்டது. ஊரில் அப்போது மத்தியானம் இரண்டரை. வயிறு சோறு கேட்டது. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை நாலரை மணிக்கு, கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதைப் பார்த்தபடி, அப்பளம் இல்லாத குறையோடு சாப்பிட்டு முடித்தோம்.

சாப்பிட்ட கையோடு விஜயா கைப்பையிலிருந்து ஒரு தினசரி காலண்டர் தாளை எடுத்தாள். அந்தச் சனிக்கிழமைத் தாளை மட்டும் ஊரிலிருந்தே கிழித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ராகு காலம் ஒன்பது முதல் பத்தரை. நல்ல நேரம் பத்தே முக்கால் முதல் பதினொன்றே முக்கால். எமகண்டம் ஒன்றரை முதல் மூன்று.

"இது விருத்தாசலத்து நேரம். இந்த ஊருக் கணக்குக்கு நல்ல நேரம் நேத்து ராத்திரி பன்னண்டே காலுக்கே வந்துட்டுப் போயிருக்கும். நாம கொறட்ட வுட்டுக்கினு இருந்தோம்" என்றேன்.

"சூரியன் எந்த ஊர்ல நிக்குதோ அந்த ஊரு நேரந்தாங்க."

"இங்க சூரியனே இல்லியே."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வானம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. "வரும்" என்றாள். அதோடு வழக்கு முடிந்தது. உள்ளூர் நேரப்படி பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்காலுக்குள் இளங்கோ வீட்டில் தட்டைக் கொடுத்துவிட வேண்டும். அது தவறினால் எமகண்டத்துக்கு முன்னால், ஒன்றரைக்குள். சனிக்கிழமை அவன் வீட்டில்தான் இருப்பான். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், அன்று பகல் டியூட்டி. இதையெல்லாம் அக்கா வாராவாரம் போனில் பேசிப் பேசியே சேகரித்து வைத்திருந்தாள்.

விஜயா குளியலறையில் இருந்தபோது நான் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். வாங்க மச்சான். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூப்பிடுவது போல இருந்தது. கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னேன். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க வந்தவன் போல இருந்தது. சிரிக்காமல் சொன்னால் போலீஸ்காரன் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பேசாமல் தலையை ஆட்டிப் பார்த்தேன். அது மட்டும் எனக்கு இயல்பாக வந்தது.

கிளம்பும்போது விஜயாவைப் பார்க்க வேண்டுமே. அழைக்கப் போகிற வேலை என்பதால் பட்டுப்புடவைதான் கட்டுவேன் என்று ஒரே பிடிவாதம். புடவைக்குள்ளே கம்பளிக் கால்சட்டை, மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே முழங்கால்வரை கோட்டு, காலில் நடைப்பயிற்சி ஷூ. எனக்குக் குரங்குக் குல்லா. கண்ணாடியில் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் பீங்கான் சாமான் உடையாமல் இருக்க வைக்கோல் சுற்றி அனுப்புவோமே, அப்படி இருந்தோம்.

தெருவில் இறங்கியதும் முகத்தில் யாரோ அறைந்தது போல் இருந்தது. ஆயிரத்து இருநூறு டிகிரி சூளைக்கு முன்னால் முப்பது வருடம் நின்றவன் நான். சூடு எவ்வளவு என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இந்தக் குளிரில் எனக்கு முகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மூக்கைத் தொட்டுப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். நம் ஊரில் கருவாட்டுக்குப் போடுகிற உப்பை இங்கே ரோட்டுக்குப் போடுகிறார்கள். ராட்சத வண்டி ஒன்று பனியை வாரி லாரியில் கொட்டிக்கொண்டே போனது. எங்கள் தெருவில் சாக்கடை மண்ணை வாரிக் கரையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள், அது மறுபடி உள்ளே போய்விடும். இங்கே எங்கேயோ கொண்டுபோய்விடுகிறார்கள்.

ராகு காலம் முடிகிறவரை ஒரு காபிக் கடையில் ஒதுங்கினோம். கதவைத் திறந்ததும் கல்லாவில் இருந்த பெண் 'பொன்ழூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் பாடினாள். நாங்கள் ஒன்றும் பட்டிக்காடு இல்லை, பக்கத்தில் பாண்டிச்சேரியை வைத்துக்கொண்டு இருப்பவர்கள். அங்கே தெருப்பெயர் எல்லாம் பிரெஞ்சில்தான் இருக்கும். அந்த உரிமையில் நானும் 'பொன்ழூர்' என்றேன். எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நம்பி அவள் ஒரு நிமிடம் ஏதோ கேட்டுக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். விளைவாக, உருளைக்கிழங்கு வறுவலின் மேல் பாலாடைக் கட்டியைப் போட்டு, அதன் மேல் பழுப்பாகக் குழம்பு ஊற்றிய ஒரு பதார்த்தம் வந்தது. இந்த ஊரின் பெருமை அதுதானாம்.

"குழம்புல மாட்டெலும்பு போட்டிருப்பாங்களோ என்னமோ. தல ஆட்டுனா இப்பிடித்தான் வந்து சேரும்" என்றாள் விஜயா, தட்டைத் தொடாமல்.

அவள் குழம்பைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எனக்குத் தெரியும்.

செராமிக் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கப்பு கைக்கு வந்தால் விரலால் சுண்டிச் சத்தம் கேட்போம். கணீரென்றால் நல்ல வேக்காடு. அப்புறம் கவிழ்த்து அடியில் யார் முத்திரை என்று பார்ப்போம். எந்தக் கல்யாண வீட்டிலும் எங்கள் பேட்டைக்காரர்களைக் கண்டுபிடிக்க இது ஒன்றே போதும். அன்றைக்கும் சுண்டினேன், கணீரென்றது. கவிழ்த்தேன். ராத்திரி எட்டரை மணிக்கு விருத்தாசலத்தில் தூக்கத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த என் மூளை, கப்பில் காபி இருக்கிறது என்பதைச் சொல்ல மறந்துவிட்டது. காபி மேசையில் ஓடி உருளைக்கிழங்கை நனைத்து என் மடியில் வந்து நின்றது.

அந்தப் பெண் துடைக்கும் துணியோடு ஓடிவந்து ஏதோ கேட்டாள். பக்கத்து மேசைக் கிழவர் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். காபியில் என்ன குறை என்று கேட்கிறாளாம்.

"காபியில் ஒரு குறையும் இல்லை. கப்பின் அடியில் கிளேஸ் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறது" என்றேன்.

கிழவர் அதை மொழிபெயர்த்தார். அவள் கப்பை வாங்கி அடியைப் பார்த்தாள். பிறகு கடையில் இருந்த நாலு பேரும் அவரவர் கப்பைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தார்கள். வெளியே வரும்போது விஜயா என்னோடு ஒரு கஜம் தள்ளி நடந்தாள்.

சரியாகப் பத்தே முக்காலுக்கு மெட்ரோ ரயிலில் ஏறினோம். பதினொன்று பத்துக்கு இளங்கோ வீட்டுப் பக்கத்து ஸ்டேஷன் வந்துவிடும். நல்ல நேரம் கையில் இன்னும் முப்பத்தைந்து நிமிடம் மிச்சம் இருக்கும். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ரயிலுக்கு ரப்பர் டயர். சத்தமில்லாமல் தாலாட்டுகிறது. உள்ளே கதகதப்பு வேறு. மூன்றாவது ஸ்டேஷனில் விஜயாவின் தலை என் தோளில் சாய்ந்தது. அவளை எழுப்ப வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். கடைசி ஸ்டேஷன். இளங்கோ வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில் நகரத்தின் மறு முனைக்கு வந்திருந்தோம். ஏறும்போதே தப்பான பக்கம் ஏறியிருக்கிறோம். இறங்கி, எப்படித் திரும்புவது என்று யோசிப்பதற்காக பிளாட்பார பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தோம்.

"அக்கா, எழும்புங்கோ. இதிலை இருந்து நித்திரை கொள்ளாதேங்கோ."

கண்ணைத் திறந்தால் கையில் சாப்பாட்டுப் பையோடு ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்துத் தமிழ். ஏதோ பேக்கரியில் வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவர் என்று பிறகு தெரிந்தது. பட்டுப்புடவையையும் தாம்பாளத்தையும் பார்த்துவிட்டு எழுப்பியிருக்கிறார். கடிகாரத்தில் பன்னிரண்டு ஐந்து. நல்ல நேரம் எங்களைத் தாண்டிப் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. "சரி, நேரம் தப்பிப் போச்சி. சகுனமும் சரியில்ல. ரூமுக்குப் போயி இன்னொரு நாளு பாக்கலாம்" என்றேன், குரலில் கொஞ்சம் வருத்தம் சேர்த்து.

விஜயா தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம இருந்தேன். கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிட்டு வந்திருக்கேன்."

"எதுக்கு?"

"எதுக்கு இல்ல. யார் மேலன்னு கேளுங்க."

கொளஞ்சியப்பரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் யாருக்காவது அநியாயம் நடந்தால் அதைத் தாளில் மனுவாக எழுதி அந்தக் கோயிலில் கட்டிவிட்டு வருவார்கள். அதுதான் பிராது. தொண்ணூறு நாளைக்குள் சாமி விசாரித்துத் தீர்த்து வைப்பார். தீர்ந்ததும் போய்ப் பிராதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஆடு திருடியவன் மேல், வரப்பை வெட்டியவன் மேல், நகையை வாங்கிக்கொண்டு இல்லை என்றவன் மேல் கட்டுவார்கள். கட்டியது தெரிந்தாலே பாதிப் பேர் பயந்து ஓடிவந்து சமாதானம் பேசிவிடுவார்கள். என் யூனிட்டில் பியூஸ் கட்டை திருடியவன் மேல் நானே ஒன்று கட்டியிருக்கிறேன்.

"என் மேலயா?"

"ஆமா. பேரு, தகப்பனார் பேரு, கதவு நம்பரு எல்லாம் போட்டு எழுதியிருக்கேன். சுபகாரியத்துக்கு வந்த என் தம்பிய வாசல்ல நிக்க வெச்சி வாங்கன்னு கேக்காதவருன்னு. தைரியம் இருந்தா ரூமுக்குப் போங்க."

அந்த யாழ்ப்பாணத்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "கடவுளிட்டை மனுசன் மேலை கேஸ் போட்டிருக்கிறியளோ?" என்றார் விஜயாவிடம். அவர் குரலில் இருந்தது மரியாதைதான். எங்கே போகவேண்டும், என்ன வேலை என்று இரண்டே கேள்வியில் கேட்டு முடித்துவிட்டு, "வெத்திலை இல்லாமல் எப்பிடிக் குடுப்பியள்? மேலை தமிழ்க் கடை இருக்கு. என்னோடை வாங்கோ. அதிலேயே அந்தப் பக்கம் பஸ்ஸும் வரும். கெதியா வாங்கோ. அண்ணை, நீங்களும் வாங்கோ" என்றார்.

முன்பின் தெரியாத ஒரு பெண்மணி ஒரே மூச்சில் மூன்று முறை அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். தொண்டையில் ஒன்றும் அடைக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. விஜயா என்னைப் பார்த்த பார்வையை நான் குல்லாவுக்குள் வாங்கிக்கொண்டேன்.

தமிழ்க் கடையில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பொங்கல் முடிந்து மிச்சமான ஒரு கரும்புத் துண்டு உட்பட எல்லாம் கிடைத்தது. தப்பான பக்கம் ஏறித் தூங்கிப்போகாமல் சரியான ஸ்டேஷனில் இறங்கியிருந்தால் வெற்றிலை இல்லாத தட்டைத்தான் நீட்டியிருப்போம். "பாத்தீங்களா, விசாரணை ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் விஜயா. அந்தப் பெண் எங்களைப் பஸ்ஸில் ஏற்றி, டிரைவரிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டுக் கையசைத்தார். ஏறும்போது டிரைவரும் வணக்கம் சொன்னார். எங்கள் ஊர்ப் பஸ்ஸில் 'உள்ள போ, உள்ள போ' என்பதைத் தவிர வேறு வரவேற்பை நான் கேட்டதில்லை.

ஒன்றேகாலுக்கு டிரைவர் எங்களைப் பார்த்துத் தலையை அசைத்து இறக்கிவிட்டார். இளங்கோ வீடு மாடியில். இந்த ஊர்க்காரர்களுக்கு மாடிப்படியை வீட்டுக்கு வெளியே வைப்பதில் என்ன ஆசையோ தெரியவில்லை. தெருவிலிருந்து நேராக ஒரு வளைந்த இரும்புப் படி, படி முழுக்கப் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடக்கிறது. விஜயா கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினாள். நான் தாம்பாளத்தோடு பின்னால். நடுப்படியில் வழுக்கினேன். தட்டைக் காப்பாற்றி முழங்காலைக் கொடுத்துவிட்டேன். ஒரு வாழைப்பழம் மட்டும் உருண்டு தெருவுக்குப் போனது.

விஜயா மணியை அடித்தாள். மணி ஒன்று இருபது.

இளங்கோ கதவைத் திறந்தான். முன்பக்கம் முடி கொட்டியிருந்தது, நரைத்தும் இருந்தது. கையில் கரண்டி. அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். "அக்கா" என்றான். "என்னாக்கா இது, வாக்கா, உள்ள வாக்கா" என்று அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

தலையை ஆட்டினான்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை. கதவையும் மூடவில்லை. உள்ளே வெளிச்சம், கதகதப்பு, ரசம் தாளிக்கிற வாசனை. வெளியே மைனஸ் பதினெட்டில் நான். வாங்க என்று கேட்காத வீட்டுக்குள் எப்படிக் காலை வைப்பது? என் அப்பா வைத்ததில்லை, அவர் அப்பா வைத்ததில்லை. அவர்கள் யாரும் பனியில் நின்றதில்லை என்பது வேறு விஷயம். தாம்பாளத்தைப் பிடித்த விரல்கள் ஒவ்வொன்றாக என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தன.

"என்னாங்க, வெளியில நிக்கிறீங்க?" என்றாள் விஜயா உள்ளேயிருந்து. ஆனால் வா என்று அவளும் சொல்லவில்லை. அது அவள் தம்பி வீடு. அவள் கூப்பிட்டால் செல்லாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கரண்டியோடு நிற்கிற அவனுக்கும் தெரியும்.

"மணி ஒண்ணு இருவத்தஞ்சிங்க. எமகண்டம் வரப்போவுது" என்றாள். இவ்வளவு தூரம் வந்து காரியம் வாசலிலேயே கெட்டுப்போய்விடுமோ என்கிற பயம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. இருபத்தேழு வருடத்தில் அந்த முகத்தை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். கிரகப்பிரவேசத்தன்று, தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோது.

அப்போதுதான் என் கையில் இருப்பதைக் கவனித்தேன். தட்டு. அன்றைக்கு அவன் கையிலும் தட்டு. இப்படித்தான் நின்றிருப்பான். சித்திரை வெயிலில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுகிற சிமெண்டில். நான் லாரிக்காரனோடு பேசி முடிக்கிறவரை நின்றிருப்பான். எத்தனை நிமிடம் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சத்தியமாக, அழுகை வருகிற அளவுக்கு வெட்கமாக இருந்தது.

"வாங்க மச்சான்" என்றேன்.

கண்டக்டர் மாதிரியும் இல்லை, போலீஸ்காரன் மாதிரியும் இல்லை. பல் கிட்டித்துக்கொண்டு பாதிதான் வெளியே வந்தது. இளங்கோவின் புருவம் ஏறியது.

"என் வூட்டு வாசல்ல நின்னுக்கினு என்னப் பாத்து வாங்கன்றீங்க?"

"அன்னிக்கிச் சொல்ல வேண்டியது. எவ்ளோ நேரம் நின்ன... நின்னீங்க, அன்னிக்கி?"

அவன் கரண்டியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பத்து நிமிசம் இருக்கும்" என்றான். "கால் கொப்புளம் போட்டுடுச்சி மாமா."

"தப்புதான். எம் பொண்ணு கல்யாணத்துக்கு வாங்க மச்சான். நீங்க வரலன்னா அவள மணவறைக்குக் கூட்டியார ஆளு இல்ல."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், கரண்டி பிடித்த கையாலேயே. பிறகு ஒரு எட்டு முன்னால் வந்து என் முழங்கையைப் பிடித்தான். "வாங்க மாமா. மொதல்ல உள்ள வாங்க. தட்டத் தனியா குடுக்காதீங்க, நீங்களும் அக்காவும் சேந்து குடுக்கணும்" என்றான். முறை எல்லாம் மறக்காமல் வைத்திருக்கிறான்.

ஒன்று இருபத்தெட்டுக்குத் தட்டு கை மாறியது. எமகண்டத்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அவன் பத்திரிகையைப் பிரித்துத் தாய்மாமன் என்ற இடத்தில் தன் பெயரை விரலால் தொட்டுப் படித்தான். வருகிறேன் என்று வாயால் சொல்லவில்லை. லீவு கேட்கணும், புது மேனேஜர், பார்க்கணும் என்றான். விஜயா என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் கெட்டுப்போகும் என்கிற அறிவு அந்தக் குளிரில் வந்திருந்தது.

ரசம், உருளைக்கிழங்கு வறுவல், ஊறுகாய். இந்த வறுவலின் மேல் யாரும் குழம்பு ஊற்றவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதுதான் தெரியும். ஊரில் அப்போது நடுராத்திரி தாண்டியிருந்தது. ஒரு சோபாவில் நானும் இன்னொன்றில் விஜயாவும் சாய்ந்தோம்.

என் போன் அடிக்கிற சத்தத்தில் விழிப்பு வந்தது. ஜன்னலுக்கு வெளியே இருட்டியிருந்தது. மேலே யாரோ கம்பளி போர்த்தியிருந்தார்கள். கை கம்பளிக்குள் மாட்டிக்கொண்டதால் எடுக்க முடியவில்லை. அதற்குள் இளங்கோ வந்து போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். ஊரில் காலை ஆறு மணி. அந்த நேரத்துக்கு என்னைக் கூப்பிடுகிறவன் யார் என்று எனக்குத் தெரியும்.

"மாமா தூங்கறாரு. நான் அவரு மச்சான் பேசறேன். யாரு, தண்ணி லாரியா?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "த பாருங்க. கல்யாணத்துக்கு மொத நாளு சாயங்காலமே ரெண்டு லோடு வந்து எறக்கிட்டுப் போயிடணும். அன்னிக்கிக் காலையில மாமாவுக்குப் போனே பண்ணக் கூடாது. அவரு வாசல்ல நிப்பாரு, வர்றவங்கள வாங்கன்னு கேக்கறதுக்கு. எதுன்னாலும் எனக்குப் பண்ணுங்க. நான் அங்கதான் இருப்பேன்."

நான் கண்ணை மூடியே வைத்திருந்தேன். அடுத்த சோபாவில் விஜயாவும் தூங்கவில்லை போலிருக்கிறது.

"ஊருக்குப் போனதும் பிராத எடுத்துடறேங்க" என்றாள் மெல்ல.

நான் தலையை ஆட்டினேன். உடனே ஞாபகம் வந்து, "சரி விஜயா" என்று வாயைத் திறந்து சொன்னேன்.